டேக் ரீட் ஆகவில்லை

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் கிளம்புகிறவர்கள் ஒரு காலத்தில் பெட்ரோலுக்கு அடுத்தபடியாகச் சில்லறைக்குத்தான் கவலைப்பட்டார்கள். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை, திருமாந்துறை, சமயபுரம் என்று வரிசையாக டோல்கேட் வரும். ஒவ்வொன்றிலும் கண்ணாடியை இறக்கி, நோட்டை நீட்டி, மீதியை எண்ணி, ரசீதை சன்வைசரில் செருக வேண்டும். ஐந்து ரூபாய் மீதிக்குப் பதில் மிட்டாய் கொடுத்த சாவடிகள் உண்டு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போகவர ஒன்றரை மடங்குதான் என்பதால் ரிட்டர்ன் சீட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று காருக்குள் ஒரு விசாரணை நடக்கும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு ஆசையில்லை. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் அந்தச் சாலையில் நின்றவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்றைய சண்டைகளைப் பற்றி ஒன்று சொல்லலாம். எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று பூத்துக்கு உள்ளே இருந்தவருக்கும் தெரியும், வெளியே இருந்தவருக்கும் தெரியும். சில்லறை இல்லை, நோட்டு கிழிந்திருக்கிறது, ரிட்டர்ன் நேரம் தாண்டிவிட்டது என்று காரணம் இருவர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கும். ஃபாஸ்டேக் வந்த பிறகு சண்டைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன, அதில் சந்தேகமில்லை. மிச்சமிருக்கும் சண்டைகளில்தான் காரணம் யாருக்கும் தெரிவதில்லை. “டேக் ரீட் ஆகல சார்” என்ற ஒரே வாக்கியத்துக்குள் பத்துவிதக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று சொல்ல அந்த அமைப்பால் முடியும், ஆனால் சொல்வதில்லை. அப்படிச் சொல்லாமல் விடுவதன் விலையைக் காரணம் தெரியாத ஓட்டுநர் கொடுக்கிறார் என்பதுதான் இந்தப் பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது.

இது திடீரென்று வந்த ஏற்பாடு இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே மின்னணுச் சுங்க முறை வேண்டும், அதற்கு ரேடியோ அலையில் படிக்கப்படும் ஒட்டுப்பட்டை போதும் என்று நந்தன் நிலேகணி தலைமையிலான குழு 2010இலேயே சொல்லிவிட்டது. 2014இல் அகமதாபாத்துக்கும் மும்பைக்கும் இடையே சோதனை ஓட்டம் நடந்தது. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதவையானபோது, டிசம்பர் 2 வரை தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்க வசூலையே நிறுத்திவைத்தார்கள். வாங்கவும் கொடுக்கவும் நோட்டில்லாதபோது தடுப்புக் கம்பிக்கு வேலையில்லை என்பது அந்தச் சில வாரங்களில் எல்லோருக்கும் தெரிந்தது. ரொக்கத்தை நம்பியிருக்க முடியாது என்ற வாதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை. 2017 டிசம்பர் 1 முதல் புது நான்கு சக்கர வண்டிகள் டேக்கோடுதான் விற்கப்பட வேண்டும் என்றார்கள். 2019 டிசம்பர் 1 என்று கெடு வைத்து, அதை 15க்குத் தள்ளி, கிட்டத்தட்ட எல்லா லேன்களையும் ஃபாஸ்டேக் லேன்களாக அறிவித்தார்கள். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் டேக் இல்லாத வண்டிக்கு இரட்டிப்புக் கட்டணம். இந்தக் கடைசித் தேதிக்குப் பிறகுதான் கதையின் இயல்பு மாறுகிறது. அதுவரை டேக் படிக்காவிட்டாலும் ரொக்கம் வாங்கும் லேனில் காசைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அதன் பிறகு டேக் படிக்காவிட்டால் அபராதம். ஒரு கருவியின் தோல்வி அதை வைத்திருப்பவரின் குற்றமாக மாறும்போது, தோற்றது எது என்று காட்டும் கடமையும் கூடவே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

டேக்கை ஒட்டுவதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேயே கோட்டை விடுகிறார்கள். கையில் வாங்கியதும் அது ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய உலோகக் கோடுகள் வளைந்து வளைந்து போவதும், நடுவில் கடுகளவு ஒரு சில்லு உட்கார்ந்திருப்பதும் தெரியும். அந்தக் கோடுகள்தான் ஆன்டெனா. பேட்டரி கிடையாது. லேனுக்கு மேலே கூரையிலோ கம்பத்திலோ பொருத்திய ரீடர் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை வீசும். அந்த அலையிலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தைத் திருடிக்கொண்டு சில்லு விழித்துத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. அதில் பணம் இல்லை. பணம் வங்கியில் இருக்கிறது. இது பலருக்கும் தெரியாததால்தான், ரீசார்ஜ் செய்ததும் டேக்குக்குள் ஏதோ ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒட்ட வேண்டிய இடம் முன்கண்ணாடியின் உட்புறம், மேல்பாதியின் நடுவில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால். கண்ணாடியைத் துடைத்து ஈரம் போகக் காயவிட்டு, பின்தாளை உரித்து, ஒரே வீச்சில் ஒட்டி, காற்றுக்குமிழி இல்லாமல் நீவிவிட வேண்டும். கோணலாகிவிட்டதே என்று உரித்து மறுபடி ஒட்டினால் ஆன்டெனா கிழியும். கிழிய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள், ஒரு வண்டியின் டேக்கை இன்னொரு வண்டிக்கு மாற்றக் கூடாது அல்லவா. கிழிந்த டேக் வெளியே பார்வைக்கு முழுசாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

கண்ணாடியும் இந்த விஷயத்தில் குற்றமற்ற பொருள் இல்லை. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய முன்கண்ணாடியோடு வரும் கார்கள் இருக்கின்றன. அந்தப் பூச்சு வெயிலைத் தடுப்பதுபோலவே ரேடியோ அலையையும் தடுக்கும். அதற்காகவே தயாரிப்பாளர்கள் கண்ணாடியில் ஓரிடத்தில் பூச்சு இல்லாமல் விட்டு வைப்பதுண்டு. எங்கே என்பது காரோடு வரும் கையேட்டில் இருக்கும், அந்தக் கையேடு டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருக்கும். பின்னால் ஒட்டிய கூலிங் ஃபிலிம், டேஷ்கேமிரா மாட்டிய உலோகப் பிடி, கூரையின் தகடு இவையெல்லாம் பக்கத்தில் இருந்தால் வாசிப்பு தடுமாறும். பழைய டேக்கைப் பிய்க்காமல் அதன் பக்கத்திலேயே புது டேக்கை ஒட்டியிருந்தால் இரண்டும் பதில் சொல்லும், எந்தப் பதிலை லேன் எடுத்துக்கொள்ளும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். இதையெல்லாம் சொல்லித்தர வேண்டிய இடம் ஷோரூம். டெலிவரி நாளில் தேங்காய் உடைத்து, ரிப்பன் வெட்டி, பெரிய அட்டைச் சாவியோடு போட்டோ எடுக்கும் நேரத்தில் டேக்கையும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த வங்கியின் டேக், எந்த மொபைல் எண்ணில் பதிவு, எப்போது எதை மாற்ற வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்கிறவர்கள் குறைவு. புது வண்டியின் டேக் சேஸிஸ் நம்பரில்தான் பதிவாகியிருக்கும், பதிவெண் வந்ததும் அதைச் சேர்க்க வேண்டும் என்பது பலருக்குப் பல மாதம் கழித்து ஏதோ ஒரு சாவடியில்தான் தெரியவருகிறது. 2025 ஆகஸ்டு 15இல் 3,000 ரூபாய்க்கு ஓராண்டு அல்லது 200 பயணம் என்று கார்களுக்கு வருடாந்திரப் பாஸ் வந்தபோது, வாங்கப் போனவர்களில் சேஸிஸ் நம்பரிலேயே டேக் கிடந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இனி டேக் நன்றாகவே ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி எழ வேண்டுமானால் நடப்பது இது. ரீடர் டேக்கைப் படிக்க வேண்டும். லேன் கணினி அந்த எண் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சாவடியின் வங்கி, நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷனின் மையக் கணினி, டேக் கொடுத்த வங்கி என்று செய்தி போய், நம் கணக்கில் கழிய வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியும் அறிகுறி ஒன்றே: கம்பி எழவில்லை. ஆகவே அவர் செய்ய முடிந்தது விலக்கி விலக்கிப் பார்ப்பதுதான். பூத்திலிருப்பவர் கையடக்க மெஷினை எடுத்து வந்து கண்ணாடிக்கு அருகே நீட்டுவாரே, அதைக் கவனித்தால் போதும், பாதி விடை கிடைக்கும். மேலே இருக்கும் ரீடர் படிக்கவில்லை, கை மெஷின் படிக்கிறது என்றால் டேக் உயிரோடிருக்கிறது. ஒட்டிய இடமோ, கண்ணாடியோ, அந்த லேனின் ரீடரோதான் கோளாறு. அடுத்த டோல்கேட்டில் தானாகப் படித்துவிட்டால் பழி முந்தைய சாவடியின் மேல். எங்குமே மேலிருந்து படிக்கவில்லை என்றால் பழி நம் கண்ணாடியின் மேல். கை மெஷினும் படிக்கவில்லை என்றால் டேக் செத்துவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான். படித்தும் கம்பி எழவில்லை என்றால் கண்ணாடியை விட்டுவிடலாம், சிக்கல் கணக்கில். “கொஞ்சம் பின்னாடி எடுத்து முன்னாடி வாங்க” என்று சொல்வது முதல் வகைக் கோளாறுக்கு மட்டும்தான் மருந்து. ஆனால் எல்லா வகைக்கும் அதையே சொல்கிறார்கள், பின்னால் நிற்கிற லாரி ஹாரன் அடிக்க, ஓட்டுநரும் எடுக்கிறார்.

கணக்குச் சிக்கல்களில் மிகப் பழகியது கடைசி நேர ரீசார்ஜ். சாவடி தெரிந்ததும் போனை எடுத்து ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டு, குறுஞ்செய்தியும் வந்துவிட்டது என்று நிம்மதியாகப் போய், அங்கே மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். பணம் வந்துவிட்டது என்று வங்கி சொல்கிறது, பணம் இல்லை என்று லேன் சொல்கிறது, இரண்டும் பொய் சொல்லவில்லை. லேன் பார்ப்பது சற்று முன்பு தனக்கு வந்த பட்டியலை. 2025 பிப்ரவரி 17 முதல் இதற்கு நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் ஒரு கணக்கு வைத்தது. டேக் படிக்கப்படும் நேரத்துக்கு 60 நிமிடத்துக்கு மேல் முன்பிருந்தே தடைப்பட்டியலில் இருந்து, படித்த பிறகு 10 நிமிடம் ஆகியும் அப்படியே இருந்தால் அந்தப் பரிவர்த்தனை மறுக்கப்படும். மறுப்புக்கு 176 என்ற எண். ஊரெல்லாம் இதைக் கேட்டுப் பயந்ததும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் விளக்கம் கொடுத்தது: தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் எல்லாம் டேக்கின் நிலையை உடனுக்குடன் அறியும் புதிய நெறிமுறையில் ஓடுகின்றன, சாவடியைக் கடக்கும் முன் எப்போது வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம், மாநில நெடுஞ்சாலைகளில் சிலவற்றில்தான் இன்னும் பழைய நெறிமுறை இருக்கிறது என்று. நல்ல விளக்கம்தான். ஆனால் அதன் பொருளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். எந்தச் சாவடி புதிய நெறிமுறை, எந்தச் சாவடி பழையது என்று எந்தப் பலகையிலும் எழுதியில்லை. 176 என்ற எண் கணினிகளுக்கு இடையே போய்வருகிறது, வண்டிக்காரர் கண்ணில் படுவதில்லை. காரணத்துக்கு எண் கொடுத்து வகைப்படுத்தி வைக்கும் அளவுக்கு அந்த அமைப்புக்குத் தன் கோளாறு தெரியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

அரசே ஒப்புக்கொண்ட சாட்சி இன்னொன்று உண்டு. டேக் கட்டாயமான அதே 2021 பிப்ரவரியில், கார்களுக்குக் குறைந்தபட்ச இருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நெடுஞ்சாலை ஆணையம் நீக்கியது. காரணம், டேக் கொடுத்த வங்கிகள் பாதுகாப்பு வைப்புத்தொகை போக இன்னொரு தொகையைக் கணக்கில் தொடாமல் வைத்திருக்கத் தங்கள் இஷ்டத்துக்கு விதி வைத்திருந்தன. கட்டணத்துக்குப் போதுமான பணம் இருந்தும் எத்தனையோ வண்டிகள் சாவடியில் மறுக்கப்பட்டன. அப்படி மறுக்கப்பட்டவர்களிடம் பூத்தில் என்ன சொல்லியிருப்பார்கள்? பேலன்ஸ் இல்லை என்றுதான். அவர் போனில் பேலன்ஸைக் காட்டியிருப்பார். இருவரும் தங்கள் திரையைக் காட்டி மல்லுக்கு நின்றிருப்பார்கள். விதி வைத்த வங்கி அந்த இடத்தில் இல்லை. மூன்றாண்டு கழித்து, 2024 ஜனவரி 31இல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை விதித்து, மார்ச் 15க்குப் பிறகு அதன் டேக்குகளில் பணம் போட முடியாது என்றானபோது, இருக்கும் பணம் தீரும்வரை அவை ஓடின, தீர்ந்ததும் நின்றன. அதே பருவத்தில் ஒரு வண்டிக்கு ஒரே டேக் என்ற விதியும், வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பும், வண்டியின் படங்களைப் பதிவேற்றும் சரிபார்ப்பும் கெடு தள்ளித் தள்ளி வந்தன. ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. எல்லாம் சேர்ந்து கடைசியில் சாவடியில் வெளிப்படும் விதம் மட்டும் ஒன்றாகவே இருந்தது. பிளாக்லிஸ்ட் என்று ஒரே சொல். பணமில்லாதவரும், படம் ஏற்றாதவரும், பழைய காரை விற்றபோது டேக்கை மூடாதவரும், டேக்கைத் திருடியவரும் ஒரே பட்டியலில்.

இந்த நிலையில் சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஓட்டுநர் பக்கம்தான். 2008ஆம் ஆண்டு சுங்கக் கட்டண விதிகளில் 2018 மே மாதம் செய்த திருத்தம் தெளிவாகச் சொல்கிறது: செல்லுபடியாகும், வேலை செய்யும் டேக் இருந்து, கணக்கில் போதிய பணமும் இருந்து, சாவடியின் மின்னணுக் கருவி கோளாறால் கட்டணம் எடுக்க முடியாமல் போனால், அந்த வண்டியைக் கட்டணம் வாங்காமலே விட வேண்டும், பூஜ்யம் ரூபாய்க்கு ரசீதும் கட்டாயம் கொடுக்க வேண்டும். இதைப் படித்ததும் பலரும் பூத்தில் சட்டம் பேசத் தயாராகிவிடுவார்கள். ஆனால் அந்த விதி மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்கிறது, மூன்றையும் அந்த இடத்தில் மெய்ப்பிக்க ஓட்டுநரிடம் ஒன்றுமில்லை. பணம் இருப்பதைப் போனில் காட்டலாம். டேக் வேலை செய்கிறது என்பதை எதைக் கொண்டு காட்டுவது? விளக்கு எரியாத, சத்தம் போடாத, ஒரு துண்டுப் படலம் அது. கோளாறு சாவடியின் கருவியில் என்பதைச் சொல்லக்கூடியது சாவடியின் கணினி மட்டும்தான், அதன் திரை பூத்துக்கு உள்பக்கம் திரும்பியிருக்கிறது. உரிமை ஒருவரிடமும் அதற்கான ஆதாரம் எதிராளியிடமும் இருக்கும்படி விதி அமைந்துவிட்டதால், பூஜ்ய ரசீதை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தால் அநேகமாக உதட்டைப் பிதுக்குவார்கள். 2025 நவம்பர் 15 முதல் டேக் செல்லாத வண்டி யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கட்டினால் பழையபடி இரட்டிப்பு என்று சலுகை வந்தது. 100 ரூபாய்க் கட்டணத்துக்கு 200 கொடுப்பதைவிட 125 மேல்தான். அந்த 25 ரூபாயும் யார் தவறு என்று தீர்மானிக்காமலே வாங்கும் தண்டம் என்பது மட்டும் மாறவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு, வலுவானவையும் உண்டு. முதலாவது, ஓட்டுநர்களும் உத்தமர்கள் இல்லை என்பது. உண்மைதான். டேக்கைக் கண்ணாடியில் ஒட்டாமல் டேஷ்போர்டில் போட்டு வைத்து, சாவடி வந்ததும் கையில் எடுத்துக் காட்டுகிறவர்களைப் பார்க்கிறோம். காருக்கு வாங்கிய டேக்கைப் பெரிய வண்டியில் வைத்துக் குறைந்த கட்டணத்தில் போகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒட்டாத டேக்குகளைச் சாவடியிலேயே கண்டு உடனே தடைப்பட்டியலில் சேர்க்க 2025 ஜூலையில் ஆணையம் உத்தரவிட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாதம் என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. ஏமாற்றுகிறவனுக்குத் தன் டேக் ஏன் மறுக்கப்பட்டது என்று நன்றாகத் தெரியும், அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காரணத்தை மறைப்பதால் பாதிக்கப்படுகிறவர் ஒழுங்காக ஒட்டி, ஒழுங்காகப் பணம் போட்டு வருகிறவர் மட்டுமே. தவிர, தவறு சாவடிப் பக்கமும் நடக்கிறது. வண்டி வீட்டு வாசலில் நிற்க, எங்கோ ஒரு சாவடியில் கட்டணம் பிடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்த அனுபவம் ஊரறிந்தது. டேக் படிக்காதபோது பதிவெண்ணைக் கையால் தட்டிப் பணம் எடுக்கும் பழக்கம்தான் மூலம். ஓர் எண்ணை மாற்றித் தட்டினால் வேறொருவர் கணக்கில் கழியும். அப்படி நிரூபணமான ஒவ்வொரு பிடித்தத்துக்கும் வசூல் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் அபராதம் என்று வைத்த பிறகு புகார்கள் பெருமளவு குறைந்ததாக ஆணையத்தின் துணை நிறுவனமே 2025 ஜனவரியில் சொன்னது. தவறு செய்த தரப்புக்குச் செலவு வைத்தால் தவறு குறைகிறது. ஓட்டுநருக்கு வைத்த அதே நியாயத்தைச் சாவடிக்கும் வைத்தார்கள், பலன் தெரிந்தது.

இரண்டாவது மறுப்பு விலையைப் பற்றியது. சிங்கப்பூரில் 1998இல் மின்னணுச் சாலைக் கட்டணம் வந்தபோது ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு கருவி வைத்தார்கள். அதில் பணக்கார்டைச் செருக வேண்டும், கட்டண வளைவைக் கடந்ததும் ‘பீப்’ என்று ஒலிக்கும், மீதம் திரையில் தெரியும். மலேசியாவில் பல ஆண்டுகள் ஓடிய ஸ்மார்ட்டேக் கருவியும் டச் அண்ட் கோ கார்டைச் செருகி, அகச்சிவப்புக் கதிரில் பேசி, வேலை முடிந்ததும் ஒலியெழுப்பும். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் கார்களிலும் ஒரு மூலையில் அது உட்கார்ந்திருக்கும். இந்த வகைக் கருவிகளின் பெரிய நன்மை, சாவடிக்கு வெளியே இருக்கும்போதே உயிரோடிருக்கிறதா என்று தெரியும். தொல்லையும் உண்டு, ஸ்மார்ட்டேக்கில் பேட்டரி தீர்ந்துவிடும், கார்டை எடுத்துப்போய்விட்டு மறந்துவிடுவார்கள். கோடிக்கணக்கான வண்டிகளுக்கு இப்படியொரு கருவியை விற்பதென்றால் இந்தியாவில் இந்தத் திட்டம் கால்வாசிகூட நகர்ந்திருக்காது. டேக் நூறு ரூபாய் அளவில் கிடைத்ததால்தான் டாட்டா ஏஸ் ஓட்டுகிறவரும் வாங்கினார். ஆகவே பேசாத, மலிவான படலத்தைத் தேர்ந்தெடுத்தது சரி என்பதே என் கட்சி. கண்ணாடியில் இருப்பது பேசாது என்று முடிவு செய்தவர்கள், பேசும் பொறுப்பைச் சாவடியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். பல லேன்களில் பூத்துக்குப் பக்கத்தில் சின்ன எல்.இ.டி. பலகை ஏற்கெனவே இருக்கிறது, வண்டி வகையும் கட்டணமும் அதில் ஓடுகின்றன. டேக் படிக்கவில்லை, பணம் குறைவு, வங்கி தடுத்துள்ளது, ஆவணம் பாக்கி, சாவடிக் கருவியில் கோளாறு என்று ஐந்து வரிகளில் எது பொருந்துகிறதோ அதை அந்தப் பலகையில் தமிழில் ஓடவிட எந்தப் புதுக் கருவியும் வாங்க வேண்டாம்.

மூன்றாவதாக, போனில் எல்லாம் வருகிறதே, ஆப்பில் டேக்கின் நிலை தெரிகிறதே, 1033க்கு அழைக்கலாமே என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு டேக் செயலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறவர் பாதிச் சங்கடத்தைத் தவிர்த்துவிடுவார். ஆனால் குறுஞ்செய்தி வருவது டேக் வாங்கியபோது கொடுத்த எண்ணுக்கு. காரை ஓட்டுவது மகன், எண் அப்பாவுடையது என்ற வீடுகள் எத்தனை. கம்பெனி வண்டியில் எண் முதலாளியுடையது, சாவடியில் நிற்பவர் டிரைவர். செகண்ட்ஹேண்டில் வாங்கிய காரில் எண் யாருடையது என்றே தெரியாது. மேலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் வெற்றியைத்தான் அறிவிக்கிறது, இவ்வளவு கழிந்தது, இவ்வளவு மீதி என்று. படிக்கப்படாத டேக்குக்குக் குறுஞ்செய்தி வர வழியே இல்லை, ஏனென்றால் அந்த வண்டி வந்ததே வங்கிக்குத் தெரியாது. 1033இல் பேசுகிறவர் பொறுமையாகவே பேசுவார், புகாரைப் பதிவும் செய்வார். பின்னால் பதினைந்து வண்டி நிற்க, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு பதிவெண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிற அந்த நேரத்தில், யாராக இருந்தாலும் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு நகரத்தான் பார்ப்பார். வருடாந்திரப் பாஸ் வைத்திருப்பவர் மாநில அரசு சார்ந்த சாலைகளின் சாவடியில் சாதாரணக் கணக்கிலிருந்து பணம் போனதைப் பார்த்துத் திகைப்பதும் இதே வகைதான். பாஸ் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும் என்பது விதியில் இருக்கிறது, வாசலில் இல்லை.

அடுத்து வரப்போவது கம்பியே இல்லாத சாவடி. குஜராத்தில் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சோர்யாசியில் அதற்கான ஒப்பந்தம் 2025 ஆகஸ்டில் கையெழுத்தானது. வண்டி வேகம் குறையாமல் போகும், மேலே உள்ள ரீடர் டேக்கைப் படிக்கும், கேமரா பதிவெண்ணைப் படமெடுக்கும். நெரிசல் போகும், டீசல் மிச்சமாகும், பூத்தில் புகையைச் சுவாசித்துக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவருக்கு விடுதலை. நான் இதை வரவேற்கிறேன். ஆனால் இப்போது கம்பி எழாவிட்டால் ஏதோ கோளாறு என்பதாவது அந்த இடத்திலேயே தெரிகிறது, கை மெஷினை நீட்ட ஓர் ஆளும் இருக்கிறார். கம்பியும் ஆளும் போன பிறகு, படிக்கப்படாத டேக்கோடு ஒருவர் தூத்துக்குடிவரை எல்லாச் சாவடிகளையும் நிம்மதியாகக் கடந்துவிட முடியும். தெரியவருவது பிறகு நோட்டீஸ் வரும்போது. அந்த நோட்டீஸில் கட்டணத்தொகையும் அபராதத்தொகையும் எப்படியும் இருக்கும். ரீடர் படித்ததா, படித்தும் வங்கி மறுத்ததா, மறுத்திருந்தால் எந்தக் காரண எண்ணால், அதே லேனில் அதே பத்து நிமிடத்தில் மற்ற வண்டிகளின் டேக்குகள் படிக்கப்பட்டனவா என்ற விவரங்களும் அதில் அச்சாக வேண்டும் என்று கேட்க இதுவே நேரம். கணினியில் இந்த நான்கும் ஏற்கெனவே பதிவாகின்றன. விதிகளை எழுதும்போதே சேர்த்தால் ஒரு வரி, பிறகு சேர்க்கப் போனால் நீதிமன்றம்வரை நடக்க வேண்டியிருக்கும்.